முதுகுக்கு வசனம்

தவ்ஹீதிடம் இருந்தது ஆயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.
அதில் முந்நூறு, மைக் வாடகைக்குவிட்டவனுக்கு முன்பணம்.
மீதியில் ஒரு சண்டை, ஒரு பாட்டு, ஒரு மழை.
மழை இலவசம், சொன்ன நேரத்துக்குத்தான் வராது.
"சண்டை இல்லேன்னா பரிசால்ல யாருண்ணே பாப்பாங்க?"
எங்கள் தளத்தில் பொறுக்கிய தமிழில் கேட்டான்.

எனக்கு வங்காளம் தெரியாது.
துவாஸுக்கும் காக்கி புக்கிட்டுக்கும் லாரி ஓட்டுகிறேன்.
லாரி முதலாளியுடையது,
ஞாயிறு என்னுடையது.
ஆறடி இருக்கிறேன் என்பதால்
குச்சி நுனியில் மைக்கைக் கட்டிக்
கையில் கொடுத்துவிட்டார்கள்.
வாக்கியம் எங்கே முடிகிறதென்று
நடிப்பவன் தோளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்:
மூச்சு இறங்கினால்
குச்சியை இறக்கலாம்.

கதாநாயகிக்கு விமான டிக்கெட் எடுக்க முடியவில்லை.
குல்னாவிலிருந்தே நடித்தாள்,
கைப்பேசித் திரைக்குள்.
லெம்பு சாலையில் விளக்கு எரிந்துவிட்டது,
அவள் சன்னலில் இன்னும் வெயில்.
"திரைச்சீலையை இழு" என்று தவ்ஹீத் கத்துவான்.
இழுப்பாள்.
பின்னால் யாரோ கோழி விரட்டுவார்கள்.
டேக் டூ.

சண்டை, பலமாடிக் கார் நிறுத்தத்தின் ஐந்தாம் தளத்தில்.
வில்லன், வெல்டர் நூருன்னபி. சம்பளம் இரண்டு முர்தபா.
விழச் சொன்ன இடத்துக்கு முன்னாலேயே
நிஜமாக விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டான்.
காவலாளி வந்து டார்ச் அடித்தார்.
அதையும் எடுத்தோம்.
அவ்வளவு நல்ல லைட்
அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை.

பதினோராவது ஞாயிறு கதாநாயகன் இம்தாதுல் வரவில்லை.
பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை,
வெள்ளி இரவே சாங்கிக்கு ஏற்றிவிட்டார்கள்.
நீலக் கட்டம் போட்ட சட்டையை மட்டும்
துவைத்து மடித்து
விடுதி வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்,
கண்டினியூட்டி கெட்டுவிடக் கூடாதென்று.

எனக்குப் போட்டுப் பார்த்தார்கள்.
கை எட்டவில்லை, முழங்கை வரை சுருட்டிவிட்டார்கள்.
"முகம் வேணாம்ணே, முதுகு போதும்."

கைப்பேசியைப் பிடித்தபடி உட்கார்ந்தேன்.
கேமரா எனக்குப் பின்னால்.
குச்சியை யார் பிடித்தார்களோ, தெரியாது.
அவள் பேசினாள், நீளமாக,
தன் வீட்டு ஆளைப் பார்ப்பதுபோல்
என் மீசையைப் பார்த்து.
நடுவில் ஒரு கேள்வி வந்தது.
கேள்வி என்பது மட்டும் புரிந்தது.
பதில் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.
"சாப்பிட்டேன்" என்றேன்.

ஒரு நொடி நின்றாள்.
பிறகு அழுதாள்.
அழுகை வசனத்தில் அங்கேதான் இருந்ததா என்று
அப்புறமும் நான் விசாரிக்கவில்லை.
தவ்ஹீத் கட் சொல்ல மறந்திருந்தான்.

இம்தாதுலின் குரல் குமில்லாவிலிருந்து
வாய்ஸ் மெசேஜாக வந்தது.
ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ரிக்‌ஷா மணி.
எடுக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

ரோவெல் சாலை, பணம் அனுப்பும் கடைக்கு மேல்மாடி.
படுக்கை விரிப்பில் படம்,
முப்பத்தெட்டுப் பேர், ஒரு மின்விசிறி.
சண்டைக்கு விசில்.
டார்ச்சுக்கு அதைவிடப் பெரிய விசில்.
நூருன்னபி எழுந்து கும்பிட்டான்.

பிறகு என் முதுகு வந்தது.
சரளமாக வங்காளம் பேசியது.
அவள் கேட்டதற்கு
ரிக்‌ஷா மணிக்கு நடுவே
ஏதோ நீண்ட பதில் சொன்னது.
முன்வரிசையில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.
நான் என்ன சொன்னேன் என்று
பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன்.

"உஷ்" என்றான்.