ஏழாவது கேள்வி

முதுநகரில் ஸ்கூட்டியை விட்டுவிட்டு
உப்பனாற்றைப் படகில் கடக்கிறேன்.
மடியில் மார்ஃபின் பாட்டில்.
எதிரே மீன்கூடையோடு ஒருத்தி
"என்னம்மா, டானிக்கா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
இன்றைக்கு முதல் பொய்.

சோணங்குப்பம். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள் பூங்காவனம்:
"அவருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."
உள்ளேயிருந்து தேசிங்கு:
"நர்சம்மாவ உள்ள விடு புள்ள.
எனக்குத் தெரியாதத அப்புறம் பேசிக்கலாம்."

முப்பது வருஷம் லாஞ்சுக்கு இன்ஜின் பார்த்த ஆள்.
நேற்றிரவே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்:
அண்ணே, நடுக்கடல்ல இன்ஜின் நின்னுபோனா...
கைகாட்டி நிறுத்தினார்.
நகக்கண்ணில் இன்னும் கிரீஸ்.
"இன்ஜினுன்னா கழட்டி மாட்டிருப்பேன்.
இது ஈரல். நேரா கேளும்மா."

நேராகக் கேட்டேன்.
மூச்சு முட்டினால் குழாய் போடலாமா?
வேண்டாம்.
சாப்பிட முடியாமல் போனால், மூக்கு வழியாக?
"அதுல சங்கராக் கொழம்பு போகுமா?"
போகாது.
"அப்ப வேணாம்."

ஏழாவது கேள்வி: எங்கே.
வீட்டில்தானே என்று
பதிலையும் நானே நிரப்பப்போனபோது
"ஆஸ்பத்திரியில" என்றார்.

ஒரே அறை.
கட்டிலுக்கடியில் மகளின் பிளஸ் டூ புத்தகங்கள்,
மேலே இயற்பியல், அட்டை கிழிந்தது.
"அது இங்கதான் படிக்கணும், இங்கதான் தூங்கணும்.
நான் போன எடத்த
தெனம் எப்பிடித் தாண்டும்?"

அதுவரை முந்தானையால் மிக்சியையே துடைத்துக்கொண்டிருந்தவள்,
அவருக்குத் தெரியாது என்றவள்,
திரும்பினாள்.
"தாண்டுவோம். அதுக்கென்ன.
நீ மஞ்சக்குப்பத்துல
யாரோ போட்ட லைட்டுக்குக் கீழ போய்ட்டா
நான் எந்த எடத்தத் தாண்டுறது?"

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் சத்தம்.
அது நிற்கும்வரை யாரும் பேசவில்லை.

பேனாவை மூடிவிட்டுப்
பென்சிலால் எழுதினேன்: வீடு.
பக்கத்திலேயே: ஆஸ்பத்திரி.
எதையும் அடிக்கவில்லை.
"பொண்ணக் கேட்டீங்களா?"
இரண்டு பேரும் ஒரே மூச்சில்,
"அதுக்குத் தெரியாது."

கிளம்பக் குனிந்து பையை எடுக்கையில் பார்த்தேன்.
இயற்பியல் புத்தகத்தில் அடையாளத்துக்குச் செருகியிருந்தது
போன மாதம் நான் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு.
ஒவ்வொரு பெயருக்கும் நேரே
பொடி எழுத்தில், எது எதற்கென்று.
மார்ஃபினுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.
அடியில் இரண்டு கோடு,
அடிக்குச்சி வைத்துப் போட்டது.