பத்து மணிக்குப் பின் தண்ணீர்

ஏகர்கிங்கனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
நெடுஞ்சாலை.
பத்துக்கு மேல் லாரி ஓடக்கூடாது, சட்டம்.
கார்களுக்கு அப்படியொன்றும் இல்லை.

வேலி விற்பவர் வந்தார்.
பலகைக்குள் பாறைப்பஞ்சு அடைத்த மாதிரித் துண்டை
என் காதோரம் பிடித்துக் காட்டினார்.
மீட்டருக்கு எழுநூறு பிராங்க்.
விரற்கடை இடைவெளி விட்டாலும்
எலி மாதிரி நுழைந்துவிடுமாம் சத்தம்.

செடிவேலி வைப்போம் என்றாள் துஷ்யந்தி.
இலை லாரியைத்தான் மறைக்கும், இரைச்சலை அல்ல
என்றார், நேர்மையான மனிதர்.
பார்க்காவிட்டால் பாதி கேட்காது
என்பது அவள் கட்சி.

கடைசியில் வாங்கியது
நூற்று நாற்பது பிராங்குக்கு ஒரு நீரூற்று.
மோட்டார், மூன்று கல், ஒரு தகரக் கிண்ணம்.
அது சளசளவென்று பேசப் பேச
நெடுஞ்சாலை சற்றே ஒதுங்கி நின்றது.
நான்கு இரவு தூங்கினோம்.

ஐந்தாம் நாள் தபால்பெட்டியில்
பக்கத்து வீட்டு ஓடர்மாட்டின் கடிதம்.
அச்சுக் கோத்த மாதிரிக் கையெழுத்து:
இரவு பத்துக்குப் பிறகு
தயவுசெய்து தண்ணீர் வேண்டாம்.

பத்தாகிறது. பிளக்கைப் பிடுங்குகிறேன்.
கிண்ணத்தில் ஒரு சொட்டு, இன்னொன்று.
பிறகு கார்கள்.

அவற்றுக்கும் எழுதியிருப்பார்,
கதவு எண் கிடைத்திருந்தால்.
அவர் ஜன்னலிலும் விளக்கு எரிகிறது.