மாறுகண் ஈட்டிக்காரன்

முதலில் கணக்கு.
இரண்டாயிரம் புள்ளி, ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.
ஈட்டிக்காரன் ஒருவனுக்கு எட்டு,
கேடயம் கொடுத்தால் ஒன்பது.
நாரைமேல் ஏறிவரும் வீரனுக்கு முப்பத்தைந்து.
சதுப்புநிலத்து அரசிக்கு மட்டும் முந்நூற்றுப் பத்து,
அவள் மந்திரக்கோல் தனி.
ஹெர்வன்தாவில் டிராமைத் திருப்ப
ஆறு நிமிடம் தருகிறார்கள்.
கால அட்டவணையின் பின்பக்கத்தில்
நாற்பது பேரைச் சேர்க்கிறேன்,
பன்னிரண்டு பேரின் கேடயத்தைப் பிடுங்குகிறேன்.
கதவு மூடும் மணி.
நகரம் போய்த் திரும்பும்வரை போர் காத்திருக்கும்.

ஜனவரி. தாம்பெரேயில் மூன்றரைக்கே இருட்டு.
பால்கனியில் மைனஸ் பத்தொன்பது.
இந்தக் குளிரில் அடிப்பூச்சு ஸ்ப்ரே
வண்ணமாக வராது, மாவாகக் கொட்டும்;
போன வருடம் ஆறு நாரைகள்
பவுடர் அப்பிக்கொண்டு நின்றன.
அதனால் இம்முறை கீழ்த்தளத்து சைக்கிள் அறை.
பீட்சா அட்டைப்பெட்டியில் நிற்கவைத்து
சேனை முழுவதையும் கறுப்பாக்கினேன்.
வாடை படியேறிப் போய்
மூன்றாம் மாடிக் கதவைத் தட்டியது.

கதவுக்காரி இறங்கி வந்தாள். பெயர் ரவ்ஹா.
எங்கள் மொழியில் அதற்குச் சமாதானம் என்று பொருள்.
வீட்டுச் செருப்போடு, கோபத்தோடு
சமாதானம் என் படையைப் பார்த்தது.
"யார் இவர்கள்?"
"ஈட்டிக்காரர்கள்."
"எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. கண்ணே இல்லை."
"கண் கடைசியில்தான் வைப்பது."
"ஜன்னலையாவது திற" என்று சொல்லிவிட்டு
ஒருவனை விரலால் தொட்டாள்.
ஈரம். விரலைச் சுவரில் துடைத்துக்கொண்டு போனாள்.

இரவில் பூதக்கண்ணாடி, விளக்கு, இரண்டு குவளை:
ஒன்றில் காப்பி,
மற்றதில் தூரிகை கழுவிய தண்ணீர்.
எதைக் குடித்தேன் என்று நாக்குதான் சொல்லவேண்டும்.
தோல்வாருக்குப் பழுப்பு, நாற்பது முறை.
பாசிப் போர்வைக்குப் பச்சை, நாற்பது முறை.
முப்பதாவது முழங்காலுக்கு வரும்போது
எனக்கு உலகத்தில் யாரோடும் பகையில்லை,
இவர்களைத் தவிர.
நீர்த்த கறுப்பை மேலே ஊற்றினால்
அது தானாக ஓடி மடிப்புகளில் உட்காரும்;
நான் செய்ததைவிட அது செய்தது நன்றாயிருக்கும்.
முதுகையும் பூசுகிறேன்.
எதிரி அதைப் பார்க்கமாட்டான்.
ஆனால் மாலை முழுக்க
பின்னால் நின்று நகர்த்தப்போவது நான்.

பிறகு கண்.
மூச்சை விட்டபின், இழுக்குமுன்
நடுவே கிடக்கும் வெற்றிடத்தில்
ஒரு புள்ளி.
பனி படிந்த தண்டவாளத்தில்
ஐம்பது டன்னைக் கோட்டின்மேல் நிறுத்தும் கை
இருபத்தேழாமவனிடம் நடுங்கிவிட்டது.
இடக்கண் எதிரியைப் பார்க்கிறது,
வலக்கண் அரசியை.
அழித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.
மணி இரண்டு. வைக்கவில்லை.

சனிக்கிழமை, யுர்க்கியின் சமையலறை மேசை.
அவனுக்குச் செயற்பல் செய்யும் கூடத்தில் வேலை;
அச்சுத் தழும்பைச் சுரண்டும் அதே கத்தி
வாரநாளில் யாருடைய கடைவாய்க்கோ உழைக்கும்.
அவன் எலும்பு மறவர்களில் பாதிப்பேர்
இன்னும் பூசாத சாம்பல் பிளாஸ்டிக்.
நானோ பதினோரு வாரம் பூசினேன் அரசியை,
இறகு மேலாடையில் மட்டும் ஒன்பது நீலம்.
முதல் சுற்று. முதல் அம்பு.
யுர்க்கி உருட்டினான்: ஆறு. மறுபடி ஆறு.
நான் உருட்டினேன்: ஒன்று.
அவளை எடுத்து உப்புக்குப்பி அருகில் வைத்தேன்.
கொன்றவனுக்கு இன்னும் தலைகூட ஒட்டவில்லை.
"அழகாக இருந்தாள்" என்றான் யுர்க்கி,
உண்மையான வருத்தம்தான்,
கை மட்டும் அடுத்த பகடைக்குப் போய்விட்டது.
மாறுகண்ணன் மூன்றாம் சுற்றில் விழுந்தான்,
இன்னும் பதினொரு பேரோடு, ஒரே வீச்சில்.

படிக்கட்டில் ரவ்ஹா, கையில் குப்பைப் பை.
"கண் வைத்தாயா?"
"வைத்தேன். ஒருவனுக்கு மாறுகண்."
"அவன் என்ன ஆனான்?"
"நிற்கிறான்."
பொய்யில்லை. அலமாரியில், இரண்டாம் வரிசையில்,
ஒரு கண் ஜன்னல்மேல், ஒரு கண் என்மேல்.

திங்கள், ஹெர்வன்தா, ஆறு நிமிடம்.
அரசியை வீட்டில் விட்டால் எட்டு நாரை வரும்,
கேடயத்தோடு மூன்று பேர்.
மூன்று புள்ளி மிச்சம்.
மூன்று புள்ளிக்கு என்ன கிடைக்கும்?
பின்னால் யாரோ
கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.