பொருள்: இல்லை

ஏற்காடு அடிவாரம், வனத்துறைச் சோதனைச்சாவடி.
எங்கள் பதிவேட்டில் ஆறு கட்டங்கள்:
தேதி, நேரம், வண்டி எண், ஓட்டுநர், எங்கிருந்து,
கடைசியில் பொருள்.

பலாப்பழ லோடு, காப்பிக்கொட்டை மூட்டை,
சில்வர் ஓக் விறகு, மிளகு.
நீளக் கம்பியை மூட்டைக்குள் செருகி
வெளியே இழுத்து முனையை முகர்வேன்.
பதினேழு வருஷத்து மூக்கு.
விரலளவு சந்தனச் சிராய் என்றாலும்
டீசல் புகையைத் தாண்டி எனக்குத் தெரியும்.
கடத்தல் என்ற சொல்லுக்கு
எங்கள் சாவடியில் அந்த ஒரு வாசனைதான்.

ஐப்பசி. மழை விட்டும் தூவானம் விடாத ராத்திரி.
நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு டெம்போ டிராவலர்.
எட்டுப் பெண்கள். முன்சீட்டில் ஒரு வெள்ளைச் சட்டை.
"வெளிநாட்டுல வீட்டு வேலை சார், மாசம் முப்பத்தஞ்சாயிரம்."
நான் கேட்கும் முன்பே டிக்கியைத் திறந்து காட்டினார்.
எட்டுப் பெட்டி.
எட்டும் ஒரே ஊதா, ஒரே கடை,
விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
குனிந்து முகர்ந்தேன்.
புது ரப்பர் வாசனை.

ஜன்னலோரம் ஒருத்தி வாந்தியெடுத்துத் துவண்டிருந்தாள்.
இருபது கொண்டை ஊசி வளைவு யாரைத்தான் விட்டது?
என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.
குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"ஏண்ணா, பிளேன் போற வழியிலயும் வளைவு இருக்குமா?"
சிரித்துவிட்டேன். மாதேசனும் சிரித்தான்.
வெள்ளைச் சட்டையும் சிரித்தது.
"ஒரே நேர்கோடு தாயி" என்றேன்.
தடுப்புக்கட்டையைத் தூக்கினேன்.
இரவு 11.40. பொருள்: இல்லை.

மயிலா என்பது அவள் பெயராம்.
இரண்டு வருஷம் கழித்து, பதிவேட்டைக் கேட்டு வந்த
இன்ஸ்பெக்டர் ரெஜினா சொல்லித்தான் தெரியும்.
பாஸ்போர்ட், எஜமானியின் பீரோவில்.
முதல் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டுக்கு
அவளைக் கைமாற்றியதற்கு ரசீது இருக்கிறது,
ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம்.
அந்தச் சமையற்கட்டில் அவளோடு
நேபாளத்துக்காரி ஒருத்தி, கென்யாக்காரி ஒருத்தி.
மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.
மூவரும் முதலில் கற்ற அரபிச் சொல் மட்டும் ஒன்றே:
சீக்கிரம்.
அவரவர் வந்த வழியிலும் ஒரு சாவடி இருந்திருக்கும்.
ஒருவன் டார்ச் அடித்து
வண்டியின் அடியில் பார்த்திருப்பான்.

சந்தனத்தை வெட்டினால் அடிக்கட்டை நிற்கும்.
சுற்றளவு எடுப்போம், எண் குத்துவோம்,
மகஜர் எழுதிக் கேஸ் கட்டுவோம்.
மயிலாவை வெட்டிய இடத்தில் ஒன்றும் நிற்கவில்லை.
ரேஷன் கார்டில் பெயர் அப்படியே இருந்தது.
அவள் பங்கு அரிசியை மாசாமாசம்
யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

வாக்குமூலம் பதினொரு பக்கம்.
ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டினார்:
"அடிவாரத்து கேட்ல ஒரு அண்ணன் தண்ணி குடுத்தாரு. நல்லவரு."
மற்ற பக்கங்களில் எங்கேயும்
அந்தச் சொல் வரவில்லை என்றார்.
பிறகு பதிவேட்டைத் திருப்பி
11.40-ன் மேல் விரலை வைத்தார்.
வேறு எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

எட்டில் ஐந்து பேர் திரும்பிவிட்டார்கள்.

ஸ்கேல் வைத்து ஏழாவது கட்டம் ஒன்று போட்டேன், பென்சிலில்.
தலைப்பு இன்னும் வைக்கவில்லை.
ஏறி உள்ளே டார்ச் அடித்துப் பெயர் கேட்கிறேன்.
கல்யாண வேன், காலேஜ் டூர், எஸ்டேட் ஜீப்.
"ஏன் சார், நாங்க என்ன மரமா?" என்கிறார்கள்.
"நம்ம வேலை மரம்தாண்டா" என்கிறான் மாதேசன்.
படிவத்தில் இல்லாததை எழுதாதே என்று
ரேஞ்சர் ஒரு அழிரப்பரே கொடுத்துவிட்டுப் போனார்.
மேசையில்தான் கிடக்கிறது.

நேற்று ஒரு சிறுமி இனிஷியலோடு பெயர் சொன்னாள்.
கேட்காமலே அம்மா பெயர், தம்பி பெயர்,
தம்பிக்கு வீட்டில் கூப்பிடும் பெயர்.
ஒவ்வொன்றாக எழுதினேன்.
பின்னால் ஒன்பது வண்டிகள்
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தன.