பிடி

இரவு இரண்டரை. காரைக்குடியில் கரண்ட் போய் வந்துவிட்டது;
இன்குபேட்டர் மறுபடி முனகுகிறது.

பெயர்கூட இல்லாத புரதம். பதினான்கு-மூன்று-மூன்று.
பிரித்தவர்கள் குழாய் எண்ணையே வைத்துவிட்டார்கள்.
கொல்லத் தெரிந்த ஒன்றைத்
தோளமுக்கி உட்காரவைத்திருக்கிறது,
கைனேஸ் கைமாத்தாய்க் கொடுத்த பாஸ்பேட்
அதன்மேல் இருக்கும்வரை.

நேற்று சீரத்தை நிறுத்தினேன்.
கைமாத்து வசூலாகிவிட்டது. பிடி விட்டது.
செல்கள் சத்தமில்லாமல்
தம்மைத் தாமே மடித்துக்கொண்டன.
ஃபிலிமில் அழகான கறுப்புக் கோடு,
மூன்று மாதமாய் வராதது.

தேவகோட்டையில் தங்கை சிகப்பி தூங்கியிருப்பாள்.
அவள் ரத்தத்தில் வேறொரு கைனேஸ்
பற்றுவரவு பார்க்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது;
சாக மறந்த வெள்ளையணுக்கள்
அறுபதாயிரம், போன திங்கட்கிழமை.

கோட்டை வெட்டி நோட்டில் ஒட்டுகிறேன்.
விடிந்ததும் போன் போட்டுக் கேட்பேன்
சாப்பிட்டியா என்று.
மாத்திரையைத்தான்.