கசிவு

வினிபெக்கில் மைனஸ் இருபத்தொன்பது.
ஆறு மணிக்கு மார்லீன் வீட்டில் விருந்து.
சின்னதாய் ஏதும் கொண்டு வா என்றிருந்தாள்.

பிரீ சீஸ், ஒரு உள்ளங்கை அகலம்.
வெண்தோலைச் சீவிப்போடாதீர்கள்,
அதுதான் அதற்குப் பாத்திரம் என்றான் கடைப் பையன்.
கிரான்பெரி முடிந்துவிட்டது.
குளிர்பெட்டியின் பின்வரிசையில் கிடந்த
மாங்காய்ச் சட்னி நாலு கரண்டி,
மேலே இடித்த மிளகு, உடைத்த வால்நட்.

பத்து நிமிடம் போதும்.
நானோ போனில் வருணியோடு சண்டை:
நத்தாருக்கு வரமாட்டாளாம்,
டிக்கெட் விலையாம்.
பதினேழாவது நிமிடம்
அடுப்புக் கண்ணாடிக்குள்
ஒரு பக்கம் வாய் பிளந்து
சீஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது.

இன்னொன்று வாங்க நேரமில்லை.
தட்டோடு துவாயில் சுற்றி,
பனியில் வழுக்காமல்
பதினொரு வீடு நடந்தேன்.

வட்டம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.
பாண் துண்டால்
அந்தக் குளத்தைத்தான் துடைத்துத் தின்றார்கள்.
ஓரத்தில் கருகி ஒட்டியதை
மார்லீனின் புருஷன்
யாரும் பார்க்காத நேரம் பார்த்துச்
சுரண்டி வாயில் போட்டார்.

வெறுந்தட்டைப் படமெடுத்து
வருணிக்கு அனுப்பினேன்.
நடுச்சாமம் தாண்டிப் பதில்:
அடிப்பிடிச்சதை எனக்கு வைக்கேல்லையோ?