பதினான்கடி அகலம்

கோப்பில் அதன் பெயர் ஊர்தி.
பதினான்கடி அகலம், அறுபத்தாறடி நீளம்,
எழுபத்து நான்காம் வருஷத்துத் தகரம்.
சக்கரங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.
அச்சுக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது.
லாரியில் மாட்டி இழுக்கிற கொக்கியில்
வெர்லீன் ஸ்டக்கி பெட்டூனியாத் தொட்டி மாட்டியிருக்கிறாள்.

மிசௌரியில், ஓசார்க் மலைச்சரிவில்
இந்தச் சின்னக் கவுண்டியின் மண்டல ஆய்வாளன் நான்.
எது வீடு என்று
என் இடுப்பில் தொங்கும் அளவுநாடா சொல்லும்.
கூரைக்கு இவ்வளவு சரிவு வேண்டும்.
அடிப்பக்கம் தெரியாமல் பலகை சுற்ற வேண்டும்;
சட்டம் அதைப் பாவாடை என்கிறது,
பாவாடை கட்டாத வீட்டைத் தெரு பார்க்கக் கூடாதாம்.
அகலம் இருபதடி.
வெர்லீனுக்கு ஆறடி குறைகிறது.
ஆறடி என்றால் என்னவென்று
எல்லோருக்கும் தெரியும்.

விதி பிறக்குமுன் வந்து நின்றதால் விட்டுவைத்தோம்.
ஒரே நிபந்தனை:
நூற்றெண்பது நாள் ஆளில்லாமல் கிடந்தால்
விட்டுவைத்தது செத்துப்போகும்.

ஜனவரியில் படியில் பனி உறைந்திருந்தது.
இடுப்பெலும்பு.
ஸ்பிரிங்ஃபீல்டில் இருநூற்று மூன்று நாள் படுத்திருந்தாள்.
மேட்டில் புதுமனை விற்கிறவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
புகாரில் ஒரே வார்த்தை: காலி.

நாடாவோடு போனேன்.
மின்சார மீட்டர் ஓடியிருந்தது.
தண்ணீர் மீட்டரும், கொஞ்சம்.
வேலியோரம் டெல்பர்ட் க்ரோ நின்றான்,
கோழித் தொழிற்சாலையின் இரண்டாம் ஷிப்டுக்காரன்,
பூட்ஸில் இன்னும் இறகு.

"நான்தான். தினம் பத்தரைக்கு.
சமையலறை விளக்கைப் போடுவேன்.
கக்கூஸ்ல ஒருதரம் தண்ணி இழுத்து விடுவேன்.
காலையில அணைச்சுடுவேன்."
ஏன் என்றேன்.
"அந்த வெளிச்சம் இல்லைன்னா வளைவு தெரியாது.
வண்டி பள்ளத்துல போயிடும்."
அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை.

படிவம் கேட்கிறது: குடியிருப்பு தொடர்ந்ததா?
ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.
ஏப்ரலில் ஓர் இரவு மழையில் அந்த வழியே வந்தபோது
ஜன்னலைப் பார்த்து இரண்டு தடவை ஹார்ன் அடித்தேன்,
வெர்லீன் உள்ளே இருக்கிறாள் என்று.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

குழுவில் ஐந்து பேர்.
தலைவி மிஸஸ் ஆல்ட்ரிட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்:
"விளக்கு குடியிருக்குமா?"
யாரும் சிரிக்கவில்லை.
வேறெங்கே கொண்டுபோய் வைப்பது என்றார் ஒருவர்.
வரைபடத்தை விரித்தேன்.
இம்மாதிரி வீடுகளுக்கு ரோஸ் நிறம்.
ரோஸ் நிறம் முழுக்க ஆற்றின் வெள்ளப் பள்ளம்.
வெள்ளப் பள்ளத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று
இன்னொரு விதி, அதுவும் என் கையெழுத்தோடு.

நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு
வெர்லீன் எழுந்தாள். எழவே நேரமாயிற்று.
"லாரி கொண்டாங்க. இழுத்துப் பாருங்க.
நகர்ந்தா ஊர்தின்னு ஒத்துக்கறேன்.
ரெண்டா ஒடிஞ்சா,
வீடுன்னு நீங்க எழுதிக் கொடுங்க."

அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

அன்று பத்தரைக்கு டெல்பர்ட் பழக்கத்தில் போனானாம்.
விளக்கு ஏற்கெனவே எரிந்ததாம்.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு
படியில் கொஞ்ச நேரம் நின்றானாம்,
உள்ளே யாரோ தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்கும்வரை.

என் மேஜையில் அந்த இரண்டு கட்டங்களும்
காலியாகக் கிடக்கின்றன.
இன்றோடு பதினெட்டு நாள்.